‘இல்லை’க்குக் கீழே இருக்கிற வரி

அவள் எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் யாரும் எதையும் அவசரப்பட்டு மூடிவிட முடியாது. முக்கியமாக, போன் திரையில் வந்து நிற்கும் சின்னப் பெட்டிகளை. ‘முடியாது’, ‘அனுமதி இல்லை’, ‘பிழை’ என்று எதையோ சொல்லிக்கொண்டு அவை வரும். கண்டதும் என் கை தானாக மூலையில் இருக்கும் பெருக்கல் குறிக்குப் போய்விடும். அவள் பக்கத்தில் இருந்தால் விடமாட்டாள்.

“நில்லுங்கோ அக்கா, மூடாதேங்கோ. என்ன சொல்லுதெண்டு முழுக்க வாசிப்பம்.”

“இல்லை எண்டுதானே சொல்லுது.”

“இல்லை எண்டது பெரிய எழுத்திலை கிடக்கு. ஏன் எண்டது கீழை சின்னனாக் கிடக்கும்.”

அண்ணாவின் நண்பர் ஒருவரின் மனைவி அவள். அண்ணாவும் அந்த நண்பரும் ஜெர்மனியில் ஒரே ஊரில் இருந்தார்கள். கிளிநொச்சிப் பக்கத்தில் கல்யாணப் பதிவு எழுதிவிட்டு மாப்பிள்ளை திரும்பிப் போக, இவள் விசாவுக்காகக் கொழும்புக்கு வந்தாள். “கொஞ்ச நாளைக்கு உங்கடை வீட்டிலை வைச்சிரு பிள்ளை” என்று அண்ணா சொன்னார். வெள்ளவத்தையில் பல வீடுகளில் அப்படி ஒரு ‘கொஞ்ச நாள்’ ஆள் பின்னறையில் இருப்பதுண்டு. எங்கள் வீட்டில் அது ஒன்றரை வருடத்துக்கு மேல் நீண்டது. என்னைவிட நாலைந்து வயது இளையவள். ஒல்லி, நெற்றியில் மிகச் சிறிய பொட்டு, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய பின்னல். சிரிக்கும்போது மட்டும் வாயைக் கையால் மறைப்பாள். மற்றபடி எதையும் மறைக்கத் தெரியாதவள்.

எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில் ஏதாவது அறிவித்தல் ஒட்டியிருந்தால் நாங்கள் எல்லோரும் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் படியேறுவோம். அவளுக்குச் சிங்களம் அரைகுறை. ஆனாலும் காவல்காரரைக் கூப்பிட்டு, “அய்யே, மேக்கே மொனவத லியலா தியென்னே?” என்று கேட்பாள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று. அவர் வாசிக்க வாசிக்கத் தலையாட்டுவாள். பிறகு மேலே வந்து எனக்குச் சொல்வாள்: “லிஃப்ட் பழுது இல்லை அக்கா. சேவிஸ் செய்யினமாம். பின்னேரம் ஓடுமாம். நீங்கள் மரக்கறிப் பையோடை ஏறி வந்தது வீண்.”

இது எனக்கு எரிச்சலாகவும் இருந்திருக்கிறது. சொல்லாமல் விடலாம் என்று நினைக்கிற இடத்திலெல்லாம் அவள் சொல்லிவிடுவாள். விசாவுக்கு வேண்டிய ஜெர்மன் மொழி முதற்படிப் பரீட்சையில் அவள் முதல் தடவை தவறிவிட்டாள். வாசிப்பில் நல்ல புள்ளி, எழுத்தில் நல்ல புள்ளி, காதால் கேட்டு விடை எழுதும் பகுதியில் விழுந்துவிட்டாள். மேல்மாடி அன்ரி படியில் மறித்து விசாரித்தார்.

“என்ன பிள்ளை, சோதினை என்ன மாதிரி?”

“பெயில் அன்ரி.”

“ஐயோ, சரி சரி. அடுத்தமுறை வடிவாச் செய்வீர்.” அன்ரி நழுவப் பார்த்தார்.

“ஏன் பெயில் எண்டு கேக்கேல்லையே அன்ரி?”

அன்ரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“எழுத்திலை இருந்தால் எனக்கு விளங்கும். வாயாலை சொன்னால் ஓடிப்போயிடுது. அதுதான் பெயில்” என்று தானே சொல்லி முடித்தாள். மாமியாரிடமும் அப்படித்தான் சொன்னாளாம். “சின்னப் பிழை, புள்ளி கொஞ்சம் குறைஞ்சு போச்சு எண்டு சொல்லியிருக்கலாமே” என்று நான் கேட்டதற்கு, “அவைக்கு அரைகுறையாச் சொன்னால் அரைகுறையாத்தானே நம்பிக்கொண்டிருப்பினம்” என்றாள்.

ஏன் இப்படி இருக்கிறாள் என்று நான் யோசித்ததுண்டு. ஒருநாள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலேயே சொன்னாள். யுத்தத்தின் கடைசியில் அவளுடைய அண்ணன் காணாமல் போனவர். அம்மா ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கினா. எங்கேயும் யாரும் ‘ஓம்’ என்றும் சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. பார்க்கிறோம், பிறகு வாருங்கள், அவ்வளவுதான்.

“இல்லை எண்டு சொல்லுறவை நல்லவை அக்கா” என்றாள், தலையணை உறையின் மூலைகளைச் சரிபார்த்தபடி. “அதிலை பிடிச்சுக்கொண்டு மிச்சத்தைக் கேக்கலாம். ஒண்டுமே சொல்லாமல் விடுறவையிட்டை என்னத்தைக் கேக்கிறது?”

அதற்குப் பிறகு நான் அவளோடு எரிச்சல்படுவதைக் குறைத்துக்கொண்டேன். முற்றாக விட்டேன் என்று சொல்லமாட்டேன்.

என் மகளின் விஷயத்திலும் அந்தக் குணம்தான் எங்களைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. எங்கள் வீடு காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில். ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கும். தவழ்ந்த காலத்திலிருந்தே மகள் ரயில் வந்தால் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்ப்பாள். அதனால் அவளுக்குக் காது கேட்கிறது என்று நான் நம்பியிருந்தேன். பேச்சு வரவில்லை என்று மற்றவர்கள் சொன்னபோதும், “ரயிலுக்குத் திரும்பிறாளே” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது சத்தத்தை அல்ல, தரையில் வந்த அதிர்வை அறிந்து திரும்பியிருக்கிறாள். கொள்ளுப்பிட்டியில் காது டொக்டர் அதை விளங்கப்படுத்தியபோது மகளுக்கு மூன்று வயது தாண்டியிருந்தது.

என் கணவரால் அன்று வேலையிலிருந்து வரமுடியவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறார். பின்னறையில் இருந்தவள்தான் என்னோடு வந்தாள். டொக்டர் படத்தைக் காட்டி, “வலது காது கேக்காது” என்றார். எனக்கு அது போதும். மகளைத் தூக்கி, பையை எடுத்து, எழுந்துவிட்டேன். நன்றி கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். கதவருகே போய்த்தான் அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை என்று கண்டேன்.

“வலது இல்லை எண்டால் இடது, டொக்டர்?”

டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “இடதிலை கொஞ்சம் இருக்கு. தடிச்ச சத்தங்கள் கேக்கும். காதுக்கு மெஷின் போட்டு, பயிற்சியும் குடுத்தால் ஆக்களின்ரை கதை பிடிக்கப் பழகலாம். ஆனால் வயசு போகப்போகக் கஷ்டம்.”

“ஏன் கஷ்டம்?”

அவர் ஏன் என்று சொன்னார். நான் கதவில் நின்றபடியே கேட்டேன். அவள் கேட்டிருக்காவிட்டால் அந்த இடது காதைப் பற்றி நான் எப்போது அறிந்திருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அறிந்துதான் இருப்பேன். ஆனால் எப்போது?

பயிற்சிக்காகச் சென்னையில் ஒரு நிலையத்தைப் பிடித்தோம். வீட்டிலிருந்தபடியே கொம்பியூட்டரில் செய்யலாம். அவர்கள் அனுப்பும் ஒரு புரோகிராமை அதில் போட வேண்டும். போனில் பயிற்சிக்கான மெல்லிய சத்தங்கள் வெட்டுப்பட்டுவிடுமாம். பயிற்சியாளர் ஒரு பெண். தெளிவாகச் சொல்லிவிட்டார்: “சனிக்கிழமை காலைல முதல் வகுப்பும்மா. அதுக்கு முன்னாடி புரோகிராமைத் திறந்து, டெஸ்ட் சவுண்டு ஒண்ணு அனுப்பிடுங்க. வரலைன்னா உங்க இடத்தை அடுத்த குழந்தைக்குக் கொடுத்துடுவோம். மறுபடி சேர்க்கை வருஷக் கடைசியிலதான்.”

எங்களிடம் கொம்பியூட்டர் இருக்கவில்லை. அண்ணா கேள்விப்பட்டு ஒரு புது லப்டொப் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். “எல்லாம் செட் பண்ணித்தான் அனுப்பியிருக்கு. திறந்து பாவிக்க வேண்டியதுதான்” என்றார். திறந்தேன். எல்லாம் ஜெர்மன் மொழியில் இருந்தது. அதுகூடப் பரவாயில்லை, படங்களைப் பார்த்து இணையத்துக்குப் போய், பயிற்சியாளர் அனுப்பிய இணைப்பை அமத்தி, புரோகிராமை இறக்கிவிட்டேன். இறக்கியதைத் திறக்க இரண்டு தரம் அமத்தினேன். ஒரு பெட்டி வந்தது. பெரிய எழுத்தில் ஏதோ ஒன்று, கீழே சின்ன எழுத்தில் வேறு ஏதோ, ஒரு நீலப் பொத்தான். நீலம் என்றால் சரி என்றுதான் அர்த்தமாக இருக்கும் என்று நினைத்து அதை அமத்தினேன். பெட்டி போனது. புரோகிராம் வரவில்லை.

திரும்ப இறக்கினேன். திரும்பப் பெட்டி. திரும்ப நீலப் பொத்தான். ஒரே பெயரில், பின்னால் இலக்கம் மாறி மாறி, வரிசையாக அத்தனை பிரதிகள் சேர்ந்தன. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

இவர் வேலையால் வந்து தன் பங்குக்குப் பார்த்தார். கோப்பு முழுதாக இறங்கவில்லையோ என்று சந்தேகப்பட்டு, வீட்டு வைஃபையை விட்டுத் தன் போனின் டேட்டாவில் இறக்கினார். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தார். நிர்வாகியாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அது பாஸ்வேர்ட் கேட்டது. அண்ணாவின் பிறந்த வருடம், அண்ணியின் பெயர், எங்கள் ஊரின் பெயர் எல்லாம் அடித்துப் பார்த்தார்.

“அண்ணாவுக்கு ஒருக்கா எடுத்துக் கேளுமன்” என்றார் கடைசியில்.

“எப்பிடிக் கேக்கிறது? அவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பினவர்.”

வெளிநாட்டிலிருந்து வந்த பொருள் சரியில்லை என்று அனுப்பியவரிடம் சொல்வது எங்கள் குடும்பங்களில் வழக்கமில்லை. சப்பாத்துக் கடித்தால், ‘அளவெண்டால் அளவு’ என்போம். சொக்லேட் உருகிப் பொட்டலமாக வந்தால், ‘பிள்ளையள் போட்டி போட்டுச் சாப்பிட்டவை’ என்போம். அங்கே குளிரில் நின்று உழைத்து வாங்கிய பொருளை இங்கே இருந்துகொண்டு குறை சொல்வது என்றால் நன்றி கெட்ட வேலை. திங்கட்கிழமை அண்ணா எடுத்து, “என்ன மாதிரி லப்டொப்?” என்று கேட்டபோது, “சூப்பர் அண்ணா, நல்ல வேகம்” என்று சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு கேட்பது?

காலி வீதியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மாளிகாவத்தைப் பக்கத்தவர், அமைதியான மனிதர். கோப்பின் அளவைப் பார்த்தார், மெஷினின் வகையைப் பார்த்தார், இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தார்.

“ஃபைல் முழுசா வந்தீக்கி மிஸ். மெஷின்லயும் பிழை இல்ல. உள்ளுக்கு ஏதோ லொக் போட்டு வெச்சீக்கிறாங்க. எனக்கு ஜெர்மன் தெரியாதே. எல்லாத்தையும் அழிச்சிட்டு இங்கிலீஷ்ல புதுசாப் போட்டுத் தாரன். திங்கள் வாங்க.”

“எனக்குச் சனிக்கிழமைக்கு முதல் வேணும்.”

“அப்ப அனுப்பின ஆள்ட்ட கேளுங்களேன் மிஸ். ஒரு கோல்தானே.”

எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜெர்மன் படிக்கிற ஒருத்தி என் வீட்டுப் பின்னறையிலேயே இருந்தாள். அவளிடம் ஏன் முதல் நாளே காட்டவில்லை என்று கேட்கலாம். அந்தக் கிழமை அவளுக்கு இரண்டாம் தடவைப் பரீட்சை. காதில் வயரை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரே உரையாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அந்த நாட்டுக்குப் போவதும் போகாமல் விடுவதும் அந்தக் காதில்தான் இருந்தது. என்னுடைய பிரச்சினையை அதற்குள் நுழைக்க எனக்கு மனமில்லை. அவள் சாப்பிட வரும்போது லப்டொப்பை மூடி வைத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பரீட்சை முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள், “பாதிதான் பிடிபட்டது அக்கா. மிச்சம் ஊகிச்சு எழுதினனான்.” பிறகு மேசையில் திறந்து கிடந்த திரையைக் கண்டாள். நான் அப்போதுதான் இன்னொரு பிரதியைத் திறக்க அமத்தியிருந்தேன். பெட்டி வந்து நின்றது. என் விரல் நீலப் பொத்தானுக்குப் போனது.

“கையை எடுங்கோ அக்கா.”

கைப்பையைக்கூடக் கழற்றாமல் வந்து பக்கத்தில் குந்தினாள். பெரிய எழுத்தை விட்டுவிட்டுக் கீழே இருந்த சின்ன எழுத்தில் விரலை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

“கின்ட்... கின்ட் எண்டால் பிள்ளை. குடும்பம் பற்றின பாடத்திலை வந்தது. இது எல்டர்ன். அம்மா அப்பா.” விரல் நகர்ந்தது. நின்றது. “இந்தச் சொல் எனக்குப் பாடத்திலை வரேல்லை. ஆனால் தெரியும்.”

“எப்பிடித் தெரியும்?”

“அப்கெலேன்ட். முதல்முறை விசா இல்லையெண்டு வந்த கடிதத்திலை இருந்தது. மறுத்தாச்சு எண்டு அர்த்தம்.”

“அப்ப மறுத்தாச்சா? இனி ஒண்டும் செய்யேலாதா?”

அவள் போனை எடுத்து, தெரியாத சொற்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தாள். எனக்குப் பொறுமை இல்லை. மூன்று மணி ரயில் போய்க் கண்ணாடி நடுங்கியது. மகள் நிலத்திலிருந்து தலையைத் தூக்கினாள். கடைசியில் அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் ஒரு குழப்பம்.

“அக்கா, இது மெஷின் சொல்லுற ‘இல்லை’ கிடையாது. ஆரோ ஒரு ஆள் இல்லை எண்டு சொல்லியிருக்கு. ‘உன்ரை வேண்டுகோளை உன்ரை பெற்றார் மறுத்திட்டினம்’ எண்டு கிடக்கு. இந்த மெஷின் உங்களை ஒரு சின்னப் பிள்ளை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கு. நீங்கள் அந்த நீலத்தை அமத்துறது, ‘அப்பா, விடுங்கோ’ எண்டு கேக்கிறது. கேட்ட ஒவ்வொருக்காலும் அந்த அப்பா மாட்டன் எண்டிருக்கிறார்.”

“எந்த அப்பா?” எங்கள் அப்பா செத்து எத்தனையோ வருடம்.

அவள் ஏற்கெனவே போனில் அண்ணாவின் இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அண்ணா அங்கே பாண், கேக் சுடும் ஒரு வெதுப்பகத்தில் வேலை. வேலை நேரத்தில் எடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். “வேண்டாம், அவர் வேலையிலை, பிறகு எடுப்பம்” என்று நான் கையைப் பிடித்தேன்.

“நாளைக்குச் சனிக்கிழமை அக்கா” என்றாள். பிடித்த கையை அப்படியே விட்டுவிட்டு, மற்றக் கையால் அமத்தினாள். சத்தத்தை எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

“அண்ணா, நீங்கள் அனுப்பின லப்டொப் வேலை செய்யேல்லை.”

மறுபக்கத்தில் தட்டுகள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“என்ன? தங்கச்சி சூப்பர் எண்டு சொன்னவளே.”

“அவ அப்பிடித்தான் சொல்லுவா. அண்ணா, இந்தக் கிழமை உங்கடை போனுக்கு ஏதும் கேட்டு வந்ததே? பிள்ளை ஏதோ திறக்கப் பாக்குது, விடுறதோ எண்டு?”

“ஓமோம். வந்துகொண்டே இருக்கு. அது என்ரை மூத்தவளின்ரை வேலை. ஏதோ கேம் இறக்கப் பாக்கிறாள் போல. ஒரே கரைச்சல். நான் ஒவ்வொருக்காலும் இல்லை எண்டு அமத்திக்கொண்டிருக்கிறன்.”

“அது உங்கடை மகள் இல்லை அண்ணா. அது இஞ்சை அக்கா.”

அண்ணா மெதுவாக, “ஐயோ” என்றார். “லப்டொப்பை அவள்தானே செட் பண்ணித் தந்தவள். தன்ரை பேரிலை திறந்திட்டாள். எனக்கு அவளின்ரை பேர்தானே வருது... நான் அவளைப் பேசி, போனையும் பறிச்சு வைச்சிருக்கிறன். நான் இல்லை அப்பா, நான் இல்லை அப்பா எண்டு அழுதவள்.”

“அண்ணா, பரவாயில்லை” என்று நான் தொடங்கினேன். “நீங்கள் கஷ்டப்பட்டு அனுப்பினது, நாங்கள்தான்...”

“நீ சும்மா இரு பிள்ளை.” அண்ணா இடையில் மறித்தார். “உன்ரை பிள்ளையின்ரை காதுக்கு எண்டு அனுப்பினது. நானே இஞ்சை இருந்து இல்லை, இல்லை எண்டு அமத்தியிருக்கிறன். ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை?”

உங்களுக்கு மனம் நோகும் என்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

“இப்ப ஒருக்கா அமத்துங்கோ அக்கா” என்றாள் அவள். அமத்தினேன். ஜெர்மனியில் ஏதோ ஒரு வெதுப்பகத்தின் பின்கதவில் நின்று அண்ணா தன் போனில் எதையோ தொட்டிருக்க வேண்டும். பெட்டி மாறியது. பாஸ்வேர்ட் கேட்டது, அண்ணா எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவள் அடித்தாள். பச்சைக் கோடு ஒன்று திரையில் இடமிருந்து வலமாக மெல்ல நீண்டது. கோடு முடியும்வரை அண்ணா போனை வைக்கவில்லை.

அன்று பின்னேரமே டெஸ்ட் சவுண்டை அனுப்பினோம். வந்து சேர்ந்தது என்று பயிற்சியாளர் பதில் போட்டார்.

அவளுடைய பரீட்சை முடிவு பிறகு வந்தது, மயிரிழையில் தேறியிருந்தாள். விசா அதற்கும் பிறகு. கடவுச்சீட்டில் ஒட்டி வந்த அந்தத் தாளை அவள் இப்படியும் அப்படியும் திருப்பி, அடியில் உள்ள இலக்கங்கள் வரை வாசித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. எங்கேயாவது ஒரு ‘ஆனால்’ இருக்கும் என்று தேடினாளோ தெரியாது. இப்போது இரண்டு பிள்ளைகளோடு அங்கே இருக்கிறாள். எப்போதாவது கதைப்போம். “சுகமா?” என்று கேட்டால், சுகமில்லாத நாளில் சுகமில்லை என்றே சொல்வாள், அன்றைக்குப் பாதி நாள் எனக்கு அந்தக் கவலை.

ஆனால் அவளை நினைக்கும்போது எனக்கு முன்னால் வருவது அந்தச் சனிக்கிழமைதான்.

மகளை மேசையில், திரைக்கு முன்னால் இருத்தியிருந்தோம். இடது காதில் புது மெஷின். திரையில் நான்கு படங்கள்: பந்து, ஆமை, மீன், பூ. மூலையில் சின்னதாகப் பயிற்சியாளரின் முகம்.

“அம்மா, நீங்க சொல்ல வேணாம். நீங்கன்னா பாப்பா உங்க முகத்தைத் தேடுவா. வேற யாராவது பின்னாடி நின்னு சொல்லட்டும். வாயைப் பார்க்கக் கூடாது. காதால மட்டும்.”

அவள் போய் மகளின் பின்னால் நின்றாள். வெளியே போகத் தயாராக, சாரி உடுத்தியிருந்தாள். முதல் தடவை, “ஆமை” என்றாள். மகள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மடியில் கிடந்தது.

“இல்லை” என்றார் பயிற்சியாளர், ஏதோ குறித்துக்கொண்டு. “இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க.”

“ஆமை.”

இல்லை. பின்னால் நின்றவளின் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. எவ்வளவு கிட்ட, எந்தப் பக்கம், மூச்சு படக்கூடாதா, சத்தத்தை உயர்த்த வேண்டுமா, நீட்ட வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். எனக்கு இவ்வளவு போதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றிருந்தது.

அவள் இடது தோளுக்குப் பின்னால் குனிந்தாள். “ஆ...மை.”

மகளின் கை மடியிலிருந்து எழும்பியது. விரல் திரைக்குப் போய், ஆமையின் முதுகில் நின்றது.

“குட்!” என்றார் பயிற்சியாளர்.

நான் அவளைத்தான் பார்த்தேன். மகளைப் பார்த்திருக்க வேண்டும், ஆனால் அவளைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்தாள். என்னைத் தாண்டிக் குசினிக்குப் போய்விட்டாள். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பின்னால் போனேன். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன செய்யிறீர்? கேட்டிட்டாளல்லோ! கண்டனீரே?”

“இன்னொருக்காப் பாக்கச் சொல்லுங்கோ அக்கா.” அவள் திரும்பவில்லை. “ஒருக்கால் சும்மாவும் தொட்டிருப்பா. பெரிசா நம்பிப்போட்டு...” எத்தனையோ ‘இல்லை’களைக் கண்சிமிட்டாமல் வாசித்தவள் அவள். இப்படி நிற்பதை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

“நீர் வந்து சொன்னால்தானே பாக்கலாம். வாரும்.”

குழாயை மூடினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பழையபடி பின்னால் நின்றாள். குரலைச் சரிசெய்து, “மீன்” என்றாள்.

விரல் மீனுக்குப் போனது.

அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். திரைக்குள்ளிருந்து பயிற்சியாளர், “மேடம், அடுத்தது சொல்லுங்க” என்றார். மகள் திரும்பிப் பார்க்கவில்லை. விரலைத் தூக்கிப் பிடித்தபடி, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து, அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.